‘வயிறு வலிக்குது டீச்சர்’: நீலகிரித் தொடக்கப் பள்ளியில் உணர்வும் பாதுகாப்பும் கற்றுத்தர ஒரு வழிகாட்டி

சமவெளியிலிருந்து நீலகிரிக்குப் பணியிடம் வாங்கி வரும் ஆசிரியருக்கு முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிடும். ‘வயிறு வலிக்குது டீச்சர்’ என்று ஒரு நாளைக்கு நாலு பிள்ளைகளாவது வந்து நிற்கும். சாப்பாட்டில் கோளாறு ஒன்றும் இருக்காது. ராத்திரி வீட்டில் சண்டை, வரும் வழியில் காட்டுமாடு, பக்கத்துப் பையன் பென்சிலைப் பிடுங்கினான் என்று எதற்கும் அந்த ஒரே வாக்கியம்தான். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் ‘ஒரு மாதிரி இருக்கு’ என்பார்கள்.

பயம் என்று சொல்லத் தெரியாத குழந்தையிடம் போய், ‘யாராவது தப்பாத் தொட்டா உடனே சொல்லணும்’ என்றால் அது எந்தச் சொல்லை வைத்துச் சொல்லும்? ஆண்டுக்கு ஒரு நாள் மண்டபத்தில் உட்கார வைத்து நடத்தும் விழிப்புணர்வு முகாம் பெரும்பாலும் வீணாவது இதனால்தான். முதலில் உணர்வுக்குச் சொல், பிறகு பொங்கும்போது அடங்கும் பழக்கம், பிறகு உதவி கேட்கும் பழக்கம், அதன்பின் உடல் பாதுகாப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மழையும் யானையும் மட்டும் இந்த வரிசைக்காகக் காத்திருக்காது. யானைப் பாடத்தைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயும், மழைப் பாடத்தை உங்கள் பகுதியில் மழை தொடங்கும் முன்பும் எடுத்துவிட வேண்டும்.

நேரமும் பொருளும்

வாரத்துக்கு ஒரு பாடம் போதும். 1, 2-ஆம் வகுப்புக்கு 20 நிமிடம், 3 முதல் 5 வரை 30 நிமிடம். மற்ற நாட்களில் தினமும் 5 நிமிடம். இந்த 5 நிமிடத்தைக் காலை உணவு முடிந்த கையோடு வையுங்கள். குளிரில் நடந்து வந்து பசியோடு நிற்கும் பிள்ளைக்கு எந்த உணர்வுப் பாடமும் ஏறாது.

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருந்தால் கவலை வேண்டாம், இந்தப் பாடத்துக்கு அது வசதி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நடித்துக் காட்டுவதை ஒன்றாம் வகுப்பு அப்படியே பிடித்துக்கொள்ளும். உடல் பாதுகாப்புப் பாடத்துக்கு மட்டும் சின்னவர்களையும் பெரியவர்களையும் இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

ஒரு சார்ட், ஆறு காகிதத் தட்டு, ஸ்கெட்ச் பேனா, மூடியில் துளை போட்ட அட்டைப் பெட்டி, இரண்டு பழைய கம்பளிக் காலுறை வேண்டும். எல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடியும். காலுறை மலையில் எந்த வீட்டிலும் கிழிந்து கிடக்கும். இரண்டு பட்டன் தைத்தால் கைப்பாவை தயார். தன் கதையைச் சொல்ல வாய் வராத பிள்ளை, பாவையின் வாயில் வைத்துச் சொல்லிவிடும். ஒரு பாவைக்குக் கூச்ச சுபாவம், இன்னொன்றுக்கு முன்கோபம் என்று வைத்து ஆண்டு முழுக்க அதையே தொடருங்கள். வகுப்பில் உள்ள எந்தப் பிள்ளையின் பெயரையும் பாவைக்கு வைக்காதீர்கள்.

முதல் ஆறு வாரம்: உணர்வுக்குச் சொல்

வாரம் ஒரு சொல்: சந்தோஷம், கோபம், பயம், வருத்தம், வெட்கம், ஏமாற்றம். ஆறு தட்டில் ஆறு முகம். திங்கட்கிழமை பாவை ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லும். பிள்ளைகள் அதன் முகம் எந்தத் தட்டு என்று காட்டுவார்கள். அடுத்த கேள்விதான் முக்கியம்: ‘இது வந்தா உடம்புல எங்க தெரியும்?’ கோபம் வந்தால் காது சூடாகும், பயம் வந்தால் உள்ளங்கை ஈரமாகும், வயிறு பிசையும். ‘வயிறு வலிக்குது’ என்பதைப் பிரித்துப் பார்க்கப் பிள்ளை பழகுவது இங்கேதான். அதன்பின் யாராவது வயிற்று வலி என்று வந்தால், ‘எங்க வலிக்குது? சாப்பாட்டு வலியா, பயத்து வலியா?’ என்று கேளுங்கள். பதில் வரும்.

மொழி விஷயத்தில் கவனம் வேண்டும். கோத்தகிரிப் பக்கம் வீட்டில் படுகு பேசும் பிள்ளைகள், கூடலூர், பந்தலூரில் மலையாளமோ கன்னடமோ பணியர் மொழியோ காட்டுநாயக்கர் மொழியோ பேசும் பிள்ளைகள், அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பயத்துக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, வருகிற எல்லாச் சொல்லையும் தமிழ் எழுத்தில் சார்ட்டில் எழுதுங்கள். உணர்வு முதலில் வருவது வீட்டு மொழியில். பாடநூல் தமிழில் சொன்னால்தான் ஏற்பேன் என்று நின்றால், சொல்ல வந்த பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ‘சரியாப் பேசு’ என்று திருத்துவதை இந்த 5 நிமிடத்தில் தள்ளி வையுங்கள்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, ‘இன்னைக்கு உனக்கு என்ன உணர்வு?’ என்று எல்லார் முன்னாலும் வரிசையாகக் கேட்பது. இரண்டாம் நாளே எல்லாரும் ‘சந்தோஷம்’ என்பார்கள். வாய்ப்பாடு மாதிரி. அதற்குப் பதில் வாசலில் ஆறு தட்டையும் தொங்கவிட்டு, உள்ளே வரும்போது ஒன்றைத் தொட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பேச வேண்டியதில்லை, நீங்கள் பார்த்தால் போதும். மூன்று நாள் தொடர்ந்து பயத்தைத் தொடும் பிள்ளையிடம் இடைவேளையில் தனியே பேசலாம். மற்றது, கோபம் கெட்டது, சந்தோஷம் நல்லது என்று தரம் பிரிப்பது. கோபம் வரலாம், அடிக்கக்கூடாது. இரண்டையும் பிரித்தே சொல்லுங்கள்.

அடங்கும் பழக்கம்

மூச்சுப் பயிற்சிக்குப் பிள்ளைகளைத் தரையில் படுக்க வைக்கச் சொல்லும் கையேடுகள் சமவெளிக்குச் சரி. ஊட்டியில் டிசம்பர் மாதத் தரையில் படுக்க வைத்தால் சளிதான் மிச்சம். நிற்க வைத்தே செய்யலாம். கையில் சூடான டீ டம்ளர் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கால் மணம் பிடிக்க 3 எண்ணிக்கை, வாயைக் குவித்து ஊத 5 எண்ணிக்கை, ஐந்து முறை. வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் காரியம், இதயத் துடிப்பு தணிவது அப்போதுதான். குளிர்காலக் காலையில் ஊதும் மூச்சு ஆவியாகத் தெரியும். யாருடைய ஆவி மெதுவாக, நீளமாகப் போகிறது என்று பார்க்கச் சொன்னால் ஒன்றாம் வகுப்புக்கூட இரண்டு நாளில் கற்றுவிடும்.

சண்டை நடக்கும்போது இதைக் கற்றுத்தர முடியாது. சாதாரண நாளில், சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், தினமும் ஒரு தடவை பழகியிருந்தால்தான் கோபத்தில் கை கொடுக்கும். அறையின் ஒரு மூலையில் பாய் விரித்து ‘அமைதி மூலை’ வைக்கலாம். ஆனால் ‘போய் அங்க உக்காரு’ என்று ஒருமுறை தண்டனையாக அனுப்பினால் அந்த மூலை செத்தது. பிள்ளை தானாகப் போக வேண்டும், 5 நிமிடத்தில் தானாகத் திரும்ப வேண்டும்.

கேலி, சண்டை, உதவி கேட்டல்

மலைப் பள்ளியில் கேலி பெரும்பாலும் ஊர், இனம், பேச்சு, நிறம் பற்றியது. ‘சிலோன்காரன்’ என்றோ, பழங்குடிப் பிள்ளையை இனத்தின் பெயரைச் சொல்லியோ கூப்பிடுவது விளையாட்டாகத்தான் தொடங்கும். பள்ளிக்கு வருவதையே பிள்ளை நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு அது போகும். ஆசிரியர் அறையில் அதே அடைமொழி புழங்கினால் வகுப்பில் எந்தப் பாடமும் எடுபடாது, முதலில் அங்கே நிறுத்துங்கள்.

பிள்ளைக்கு மூன்று வரி போதும். ‘அப்படிக் கூப்பிடாத. என் பேரு இது. இன்னொரு தடவை கூப்பிட்டா டீச்சர்கிட்ட சொல்லுவேன்.’ நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, கத்தாமல் சொல்ல வேண்டும். ஜோடி ஜோடியாக நிறுத்தி மூன்று முறை சொல்ல வையுங்கள். முதல் முறை எல்லாரும் சிரிப்பார்கள், விட்டுவிடுங்கள். மூன்றாம் முறைதான் குரல் சரியாக வரும். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு: கேலிக்கு ஆளானவன் பக்கத்தில் போய் நின்று, ‘வா, விளையாடலாம்’ என்று கூட்டிக்கொண்டு வருவது. எதிர்த்துச் சண்டை போடச் சொல்லத் தேவையில்லை.

‘கோள் சொல்றது’ வேறு, ‘உதவி கேக்குறது’ வேறு என்று விளக்குங்கள். ஒருவனை மாட்டிவிடச் சொன்னால் கோள், ஒருவருக்கு அடிபடாமல் காப்பாற்றச் சொன்னால் உதவி. ‘கோள் மூட்டாதே’ என்று விரட்டப்பட்ட பிள்ளை, நாளைக்குப் பெரிய விஷயத்தையும் சொல்லாது.

வழியும் மழையும் வீடும்

காலையில் பிள்ளை தாமதமாக வந்தால் வெளியே நிறுத்துவதையோ முட்டி போட வைப்பதையோ இன்றே விடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது என்பது ஒரு காரணம். மலையில் இன்னொரு காரணமும் உண்டு. தாமதத்துக்குத் தண்டனை என்றால், யானை நிற்கும் வழியில் காத்திருக்க வேண்டிய பிள்ளை காட்டோரக் குறுக்குப் பாதையில் ஓடி வரும். ‘யானையோ காட்டுமாடோ நின்றால் பின்னாலேயே திரும்பு, பெரியவர்களிடம் சொல், பள்ளிக்கு எத்தனை மணிக்கு வந்தாலும் சரி’ என்று பிள்ளையிடமும் பெற்றோரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வழியில் கடைப்பிடிக்க வேண்டியவை: தனியாக நடக்காமல் கூட்டமாக, பேசிக்கொண்டே வருவது. தாயும் கன்றும் நின்றால் நடுவில் போகாதிருப்பது. கல்லெறிவது, செல்போனில் படம் எடுக்க நெருங்குவது கூடவே கூடாது. சிறுத்தையைப் பார்த்தால் ஓடவோ குனியவோ கூடாது, முகத்தைத் திருப்பாமல் மெதுவாகப் பின்வாங்க வேண்டும். ரோட்டைக் கொண்டை ஊசி வளைவில் கடக்காமல், இரு பக்கமும் தெரியும் நேரான இடத்துக்கு வந்து கடக்க வேண்டும். பனிமூட்டத்தில் வண்டிக்காரருக்குப் பழுப்பு ஸ்வெட்டர் தெரியாது. பையின் முதுகுப் பக்கம் வெள்ளைத் துணி ஒன்று தைத்துவிடச் சொல்லுங்கள்.

மழைப் பாடத்துக்குக் காலம் இடத்துக்கு இடம் மாறும். கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவமழை, எனவே ஜூன் முதல் வாரம். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பயம், செப்டம்பர் முடிவதற்குள் எடுங்கள். 2009 நவம்பரில் 40 பேருக்கு மேல் பலிவாங்கிய மண்சரிவுகள் அந்த மழையில் நடந்தவை. சுவரிலோ தரையிலோ புது விரிசல், மரம் சாய்தல், ஓடைத் தண்ணீர் திடீரெனச் சேறாவது அல்லது நிற்பது, கதவு திடீரென இறுகுவது, மேலே உறுமல் சத்தம் என்ற அடையாளங்களைப் படமாக வரையச் செய்யுங்கள். ஓட வேண்டியது சரிவின் குறுக்கே, பக்கவாட்டில். கீழ்நோக்கி ஓடினால் மண்ணும் அந்த வழியாகத்தான் வரும். பள்ளி முற்றத்தில் ஒருமுறை ஓடிப் பார்க்காமல் இது மனதில் நிற்காது.

வீட்டுக்குள் இரண்டு ஆபத்துகளை இந்த மலையில் கவனிக்க வேண்டும். குளிருக்காகக் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பை வைத்துத் தூங்குவது முதலாவது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். ‘படுக்கும் முன் அடுப்பு வெளியே’ என்ற வரியைப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லட்டும். இரண்டாவது மருந்து டப்பா. தேயிலைக்கும் காய்கறிக்கும் அடிக்கும் மருந்தின் காலி டப்பாவில் தண்ணீர் பிடிப்பதும் விளையாடுவதும் சாதாரணமாக நடக்கும். மருந்து அடித்த தோட்டத்துக்குள் அன்று போகக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போன் செய்யும் பயிற்சி தனியாக ஒரு பாடம். 108 ஆம்புலன்ஸ், 112 அவசர உதவி, 1098 குழந்தைகள் உதவி, 14417 பள்ளிக் கல்வித் துறை உதவி எண். எண்ணைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் ‘எங்கிருந்து பேசுறீங்க?’ என்றதும் ‘வீட்டுலேர்ந்து’ என்பார்கள். தாலுகா, ஊர் அல்லது எஸ்டேட், டிவிஷன், லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) எண், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது கடை என்ற வரிசையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் முகவரியை ஒப்பிக்க வேண்டும். தங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கும் இடம் எது என்றும் கேளுங்கள், பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

உடல் பாதுகாப்பு

அக்டோபர் வாக்கில் தொடங்கினால் சரியாக இருக்கும். அதற்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்று அவசியம். பள்ளி நேரத்தில் வைத்தால் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கூலியை விட்டு வர மாட்டார்கள். இலை எடை போட்டு முடிந்த மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ, முடிந்தால் லைன் பக்கமே போய் வையுங்கள். என்ன சொல்லித்தரப் போகிறோம் என்பதை அதே சொற்களில் சொல்லிவிடுங்கள். மூடி மறைத்தால் ‘ஸ்கூல்ல என்னமோ சொல்லித் தராங்க’ என்று பேச்சு கிளம்பும்.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்பதைவிடப் ‘பாதுகாப்பான, பாதுகாப்பற்ற’ என்பது மேல். கெட்ட தொடுதல் வலிக்கும் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. கூச்சமாகவோ சிரிப்பாகவோ இருந்தால் அது கெட்டதில்லை என்று முடிவுகட்டும், அல்லது கெட்டது நடந்ததால் தானும் கெட்டுவிட்டதாக நினைக்கும். விதியை உடலின் பாகத்தோடு கட்டுங்கள்: உள்ளாடை மூடும் இடங்களும் வாயும் அந்தரங்க இடங்கள். சுத்தம் செய்யவோ, அம்மா அப்பா கூட இருக்கும்போது டாக்டர் பரிசோதிக்கவோ தவிர யாரும் பார்க்கவோ தொடவோ கூடாது, அவர்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது, படம் எடுக்கவும் காட்டவும் கூடாது. பாகங்களின் பெயரை நேராகச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான். அவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்துவது பெரிய பிழை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் பொது.

‘அந்நியரிடம் பேசாதே’ என்பதை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். லைன் வீட்டில் அந்நியர் யார்? எல்லாரும் மாமா, சித்தப்பா, அண்ணன்தான். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் 2007-ஆம் ஆண்டு ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகள் 53.22 சதவீதம். தொல்லை தந்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். ஆகவே ஆளைப் பார்க்காமல் செயலைப் பார்க்கப் பழக்குங்கள்: ‘யாரா இருந்தாலும், மாமாவா இருந்தாலும், சாரா இருந்தாலும்.’ கடைசிச் சொல்லை விழுங்கிவிடாதீர்கள்.

பாவையை வைத்துப் பழக வேண்டிய வசனம்: ‘வேண்டாம் மாமா, எனக்குப் பிடிக்கலை.’ பிறகு ஆள் இருக்கும் இடத்துக்குப் போவது. பிறகு சொல்வது. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்ந்த பிள்ளைக்கு முதல் வரி வாயில் வராது, மரியாதைச் சொல்லோடு சேர்த்துக் கொடுத்தால் வரும். அப்போதும் வாய் வரவில்லை என்றால் அது பிள்ளையின் தப்பில்லை, பிறகு எப்போது சொன்னாலும் சரி என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ரகசியத்துக்கும் ஆச்சரியத்துக்கும் வித்தியாசம் காட்டுங்கள்: பிறந்தநாள் பரிசு சில நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அது ஆச்சரியம். தொடுவதைப் பற்றி ‘யார்கிட்டயும் சொல்லாத’ என்று யார் சொன்னாலும் அதை வைத்துக்கொள்ளவே கூடாது. ஜீப், ஆட்டோ, இலை லாரியில் ‘வா, இறக்கி விடுறேன்’ என்றால், வீட்டில் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தவிர ஏறக்கூடாது.

ஐந்து விரலுக்கு ஐந்து ஆள் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேராவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். முதலாமவர் நம்பாவிட்டால் இரண்டாமவர், அவரும் நம்பாவிட்டால் மூன்றாமவர். ஐந்து விரலும் நிரம்பாத பிள்ளையைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கவனம் முதலில் போக வேண்டியது அங்கே.

பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் வைத்தால் காற்றுதான் உள்ளே போகும். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாலே யார் என்று தெரிந்துவிடுமே. வெள்ளிக்கிழமைதோறும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு தாள் போட வேண்டும் என்று வையுங்கள், வெற்றுத் தாள், படம், எதுவும் சரி. எல்லாரும் போடும்போது யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். வாக்கியம் எழுதத் தெரியாதவர்கள் தங்கள் பெயரை மட்டும் போட்டு, பயமுகத்தை வரைந்தால் போதும். பிரிக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது.

பிள்ளை சொல்லிவிட்டால்

இந்தப் பாடம் எடுத்த வாரத்திலேயே யாராவது சொல்லக்கூடும். முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள். ‘சொன்னது நல்லது கண்ணு. உன் மேல தப்பில்ல. உனக்கு உதவி செய்ய நான் ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும்.’ யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவிக் கேட்காதீர்கள், ‘அவன் இப்படிச் செஞ்சானா?’ என்று பதிலை ஊட்டாதீர்கள். பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே, தேதி, நேரத்தோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். தலைமையாசிரியர் முன், இன்னொரு டீச்சர் முன் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது.

அன்றே காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும், உதவிக்கு 1098-இலும் சொல்லலாம். போக்சோ சட்டம் 2012, பிரிவு 19 படி, குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ சொல்வது எவருக்கும் கடமை. ஆதாரம் தேடுவது உங்கள் வேலை அல்ல. சொல்லாமல் விட்டால் பிரிவு 21 படி 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் பற்றிய புகாரை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்போம், எஸ்டேட் துரையிடம் சொல்லிப் பார்ப்போம் என்று யார் வந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சந்தேகம் வீட்டில் உள்ளவர் மேல் என்றால், வீட்டுக்குச் சொல்வதற்கு முன் 1098-இல் கேட்டுக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரை நீங்கள் கூப்பிட்டு விசாரித்தால் பிள்ளைக்கு ஆபத்து, வழக்குக்கும் கெடுதல். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் பெயரோ வகுப்போ வரக்கூடாது, பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம்.

பிப்ரவரியில்

எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள், ‘பெரியவர்களிடம் சொல்வேன்’ என்று அனைவரும் எழுதுவார்கள். சூழ்நிலை அட்டை பத்து தயாரித்து, ஒவ்வொரு பிள்ளையாக நடித்துக் காட்டச் சொல்லுங்கள். யாரிடம் சொல்வாய் என்றதும் பெயர் வருகிறதா, முகவரி முழுதாக வருகிறதா, ‘வேண்டாம்’ கேட்கும்படி வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதோடு ‘வயிறு வலி’ ஜூனில் வாரத்துக்கு எத்தனை, இப்போது எத்தனை என்றும் குறித்து வைத்திருந்தால் ஒப்பிடலாம்.

மாறுதல் கலந்தாய்வில் மலையை விட்டு இறங்கும் ஆசிரியர் அடுத்தவருக்கு ஒரு நோட்டு விட்டுப் போக வேண்டும். எந்த வாரம் எந்தப் பாடம், வீட்டு மொழிச் சொற்கள் எழுதிய சார்ட் எங்கே, எந்தப் பாதையில் யானை நடமாட்டம், சிக்னல் எந்தத் திருப்பத்தில், பெற்றோர் கூட்டத்துக்கு எந்த லைனில் எந்த நேரம் ஒத்துவரும் என்பவை அதில் இருக்கட்டும். பிள்ளை தனியாகச் சொன்ன எதுவும் அந்த நோட்டில் ஏறக்கூடாது. அது பூட்டிய பீரோவில், தனி உறையில்.